தேர்வுக்கு முதல் நாள் இரவு படித்தது ஏன் நிலைப்பதில்லை?

தேர்வுக்கு முதல் நாள் இரவில் மட்டும் படித்தே தேர்ச்சி பெற முடிகிறபோது அதில் என்ன தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். மறுநாள் காலைத் தேர்வுக்கு அது ஓரளவு கைகொடுக்கவே செய்யும். செமஸ்டர் நேரத்தில் மதுரைக் கல்லூரி வாசல்களின் ஜெராக்ஸ் கடைகளில் பழைய வினாத்தாள்களுக்காகக் கூட்டம் நிற்பது வீணுக்கல்ல. சிக்கல் அதற்குப் பிறகுதான். 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்தோ, படித்ததைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். மீண்டும் மீண்டும் படிக்கையில் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுவதால், பாடமே தெரிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. கற்றது மூளையில் உறுதிப்படத் தூக்கமும் வேண்டும் என்பதால், விடிய விடிய விழித்திருப்பது இருவகையிலும் நட்டம். முதல் செமஸ்டர் கணக்கியலை இப்படிக் கடந்த பி.காம். மாணவர், பின்னர் நிறுமக் கணக்கியல் (கம்பெனிகளின் கணக்குப் பாடம்) வரும்போது பற்று, வரவிலிருந்தே தொடங்க நேர்வது உண்மையில் வருத்தம் தருகிறது. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ தினமும் பேருந்தில் வந்துபோகிறவர், அன்று நடத்திய பாடத்தை நோட்டைத் திறக்காமல் வழியிலேயே நினைவுபடுத்திப் பார்த்து, விட்டுப்போனதை மட்டும் வீட்டில் சரிபார்த்து, சில நாள் இடைவெளியில் அதையே இன்னும் இருமுறை செய்தால், தேர்வுக்கு முந்தைய இரவில் நன்றாகத் தூங்கலாம்.