‘ஒண்ணும் வேண்டாம்’ என்பவருக்கு என்ன வாங்குவது?

வணக்கம் ஐயா,

ஆண்டு இறுதி விடுமுறைக்கு எல்லோரும் ஒன்றுகூடுகிறோம். மூன்று பேருக்கு மட்டும் பரிசு வாங்கமுடியாமல் தவிக்கிறேன். அப்பாவைக் கேட்டால் ‘எனக்கெதுக்கும்மா, ஒண்ணும் வேண்டாம்’ என்கிறார். அண்ணன் ஆசைப்பட்ட அன்றைக்கே ஆர்டர் போட்டுவிடுகிற ஆள். அவர் மகன் கல்லூரியில் படிக்கிறான், எந்நேரமும் கிதாரும் கையுமாக இருக்கிறான். எனக்கோ அதில் அரிச்சுவடியும் தெரியாது. பேசாமல் பணமாகக் கொடுத்துவிடலாமா? ஒப்புக்குச் செய்த மாதிரி ஆகிவிடுமோ?

எம்.

அன்புள்ள எம்.,

பணத்தை அவ்வளவு இளக்காரமாக நினைக்காதீர்கள். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளியலாளர், யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டு 1993இல் ஒரு கணக்கை வெளியிட்டார். கிறிஸ்துமஸுக்கு உங்களுக்கு வந்த பரிசை நீங்களே வாங்குவதென்றால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்பது கேள்வி. கொடுத்தவர் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீண் என்று வந்தது. தாத்தா பாட்டி, அத்தை மாமா வகையில்தான் சேதாரம் அதிகம். நீங்கள் அத்தை, பார்த்துக்கொள்ளுங்கள்! ஆனால் பாசத்துக்கான மதிப்பை ஒதுக்கிவிட்டுச் சொல்லச்சொல்லித்தான் அவர் கேட்டார். உங்கள் அப்பா விஷயத்தில் அதை எப்படி ஒதுக்குவது?

அப்பாவிடம் இனிமேல் கேட்காதீர்கள். கேட்டால் மகளுக்கு ஏன் வீண்செலவு என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். அவர் உட்காரும் இடத்தை ஒரு நாள் சும்மா நோட்டம் விடுங்கள். வேண்டாம் என்கிறவர்களிடம் ஒட்டுப்போட்ட சாமான் ஒன்றாவது இருக்கும்: மூடி நிற்காமல் ரப்பர் பேண்ட் போட்ட கண்ணாடிக்கூடு, கழுத்து தொங்கிப்போய்ப் புத்தகத்தை முட்டுக்கொடுத்த மேசைவிளக்கு. அதே பொருளை, கூடியவரை அதே அளவில், அதே மாதிரியில் புதிதாக வாங்குங்கள். கை பழகிய பொருள் அது. நாலு பொத்தான் கூடுதலாக வைத்த உயர்ந்த ரகத்தை வாங்கினால் பெட்டியோடு அலமாரிக்குள் போய்விடும், பழைய விளக்குதான் எரியும்.

அண்ணனிடம் வாய்விட்டே கேட்டுவிடலாம். நாமாக யோசித்து வாங்கினால்தான் மதிப்பு என்று கொடுப்பவர்கள் நினைக்கிறார்கள். பரிசைப் பெறுபவர்களுக்குத் தாங்கள் கேட்டது கிடைப்பதில்தான் சந்தோஷம் அதிகம் என்று 2011இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ‘சர்ப்ரைஸ்’ மோகம் பெரும்பாலும் கொடுப்பவருடைய மோகம்தான்.

கிதார்க்காரப் பையனுக்குக் கருவி எதையும் நீங்களாக வாங்கவேண்டாம், அவன் ருசி உங்களுக்குப் பிடிபடாது. தேய்ந்து தீர்ந்துபோவதை வாங்குங்கள், அதாவது கம்பி. அதிலும் ஒரு விஷயம் உண்டு. கிளாசிக்கல் கிதாருக்கு நைலான் கம்பி. அதில் எஃகுக் கம்பியைப் பூட்டினால் இழுவிசை தாங்காமல் கழுத்து வளையலாம், கம்பி கட்டும் பிரிட்ஜ் பெயர்ந்தும் வரலாம். எஃகிலேயே தடிமன் வேறுவேறு. அவன் கடைசியாக மாற்றிய கம்பியின் உறையை அண்ணியைவிட்டு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதில் எல்லாம் அச்சிட்டிருக்கும். அதே கம்பியில் மூன்று செட் வாங்கி, கூடவே கொஞ்சம் பணமும் வையுங்கள். அந்த வயதில் பணத்தை ஒப்புக்கு வந்ததாக எவனும் நினைக்கமாட்டான்.

பில்களைப் பத்திரமாக வைத்திருங்கள். மாற்றிக்கொள்ள ஆசைப்பட்டால் கூச்சப்படாமல் சொல்லச்சொல்லி, கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அப்பா மட்டும் மாற்றவும் மாட்டார், சொல்லவும் மாட்டார். அவருக்கு வாங்குவதை மட்டும் அளந்து பார்த்து வாங்குங்கள்.