கேளுங்க சொல்றேன்: பையில காசா, போன்ல காசா?

கேள்வி: அண்ணா, நான் கோத்தகிரி பக்கம். போன வாரம் மழையில மார்க்கெட்ல 340 ரூபாய்க்கு காய் வாங்கிட்டு ஸ்கேன் பண்ணேன், என் கணக்குல பணம் போயிடுச்சு, கடைக்கார அக்காவுக்கு வரல. மறுபடியும் காசா குடுத்துட்டு வந்தேன். இனிமே காசே போதும்னு இருக்கு, வீட்டுக்காரர் திட்றார். எது சரி?

பதில்: முதல்ல அந்த 340. பதறாதீங்கம்மா. கடைக்குப் போய்ச் சேராத யுபிஐ பணம் 5 நாளுக்குள்ள தானா திரும்பணும், தனி ஆள் கணக்குக்கு அனுப்பினதுன்னா மறுநாளுக்குள்ள. அதுக்கு மேல இழுத்தா நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தரணும்னு ரிசர்வ் பேங்க் 2019லயே சொல்லிருச்சு. ஆப்ல அந்த பேமென்ட்டைத் தொட்டு புகார் போடுங்க. ஒருவேளை லேட்டா அக்கா கணக்குக்கே போயிருந்தா அடுத்த தடவை காய்ல கழிச்சுக்கலாம், ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு, ஸ்கேன் பண்ற அந்த ஸ்டிக்கர் யார் பேர்ல இருக்குன்னு பாத்தீங்களா? நிறைய காய்கறிக் கடையில அது திருப்பூர்ல வேலை பாக்குற பையன் பேர்ல இருக்கும், காசு அங்க போயிரும், இந்தம்மா விடியக்காலம் மண்டியில கேரட் மூட்டை எடுக்கவும் ஆட்டோ வாடகைக்கும் கையில நோட்டு இல்லாம நிக்கும். போனை நீட்டினா முகம் சுளிக்கிறது அதுக்குத்தான், யுபிஐக்கு கமிஷன் புடிக்கிறாங்கன்னு இல்ல. கடைக்காரங்ககிட்ட அதுக்கு கமிஷன் புடிக்கக்கூடாதுன்னு 2020 ஜனவரியிலேயே ஆக்கிட்டாங்க.

நான் என்ன பண்றேன்னா, கரண்ட் பில்லு, ஸ்கூல் ஃபீஸ், கேஸ் இதெல்லாம் போன்லதான், நாளைக்கு ஒரு தகராறுன்னா கணக்கு நிக்கும். மார்க்கெட், மினி பஸ், டீக்கடைக்கு காசு. அதுலயும் மே மாசம் டூரிஸ்ட் சீசன்ல போன்ல நாலு கட்டை சிக்னல் காட்டும், நெட்டு மட்டும் நகராது, ஏடிஎம்ல வேற கூட்டம், அதனால ஏப்ரல் கடைசியிலேயே பத்து இருபது ஐம்பதா மாத்தி வெச்சுக்குவேன். வெறும் 500 ரூபாய் நோட்டா வெச்சிருந்தா அதுவும் சிக்னல் இல்லாத போன் மாதிரிதான், யாரும் மாத்தித் தர மாட்டாங்க.

வீட்டுக்காரர்கிட்ட இதையும் சொல்லுங்க. 2001ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல பாஸ்கெட்பால் டிக்கெட்டை ஏலம் விட்டாங்க, கார்டுல கட்டலாம்னு யார்கிட்ட சொன்னாங்களோ அவங்க கேட்ட விலை, காசாத்தான் தரணும்னு சொல்லப்பட்டவங்க கேட்டதை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. எண்ணிக் குடுக்கறப்போ கை கூசும், ஸ்கேன் பண்றப்போ கூசறதில்ல. எங்க வீட்ல வர்க்கி பிஸ்கட் செலவு ஏறினதே அப்படித்தான்.

கேள்வி: கூடலூர்ல 10 ரூபாய் காயின் குடுத்தா செல்லாதுங்கறாங்களே?

பதில்: செல்லும். பத்து ரூபாய் காயின்ல அதுவரைக்கும் வந்த 14 டிசைனும் செல்லும்னு ரிசர்வ் பேங்க் 2018லயே அறிவிச்சிருக்கு. அப்பவும் வாங்க மாட்டேன்னா சேத்து வெச்சு பேங்க்ல கட்டுங்க, அவங்க வாங்கித்தான் ஆகணும்.