வெள்ளை ஐந்து ரூபாய் அச்சுப்பிழையா?

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் கடை வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “லாச்சியில் இரண்டு ஐந்து ரூபாய்க் குற்றிகள் கிடந்தன. ஒன்று வெள்ளை நிறம். மற்றதில் 5 இரட்டையாகத் தெரிகிறது. இரண்டும் அச்சுப்பிழை, லட்சக்கணக்கில் போகும், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்று முகநூலில் ஒருவர் சொல்கிறார். அனுப்பலாமா?”

ஒரு சதமும் அனுப்பாதீர்கள். வாங்க வருகிறவர்தான் காசு தர வேண்டும். பதிவு, காப்புறுதி, கொழும்பு அனுமதி என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது களவு. அடையாள அட்டைப் படமும் கொடுக்காதீர்கள்.

சரி, வெள்ளைக் குற்றியில் ஆண்டைப் பாருங்கள். 2017 என்றால் பிழையே இல்லை. அந்த ஆண்டிலிருந்து துருப்பிடிக்காத உருக்குக்கு மாறிவிட்டார்கள். அதற்கு முந்தியது என்றால் கவனியுங்கள். 2005 முதல் வந்த மஞ்சள் குற்றிகள் உருக்கின்மேல் பித்தளை முலாம் பூசியவை. முலாம் ஏறாத தகடு அபூர்வமாக அச்சுக்குள் போய்விடும். அது உண்மையான பிழை. ஆனால் அசிட்டில் போட்டாலும் முலாம் கழன்றுவிடும். எங்கள் பக்கத்தில் எரிந்த வீட்டு மண்ணில் கிடந்த குற்றிகளும் முலாம் உரிந்து, கொப்புளித்து வருகின்றன. தராசு இங்கே உதவாது, எல்லாவற்றிலும் எடை கொஞ்சம் குறையும். பூதக்கண்ணாடியில் எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள்: கூராக, சுற்றிவரப் பளபளப்பாக இருந்தால் வைத்திருங்கள். மேற்பரப்பு சொரசொரத்து எழுத்து மெலிந்திருந்தால் அசிட் வேலை.

இரட்டை 5? அச்சிலேயே உருவம் இருமுறை பதிந்திருந்தால் இரண்டாவது கோடும் மேடாக, மூலையில் பிளந்து தெரியும். அடிக்கும்போது அச்சு அசைந்திருந்தால் ஒரு பக்கம் தட்டையாக, படி வெட்டியதுபோல் நசுங்கியிருக்கும். கையில் அகப்படுபவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். இதன் பெறுமதி ஐந்து ரூபாய்.

2013 ஆண்டிட்ட பத்து ரூபாயில் 25 மாவட்டங்களுக்கும் 25 வடிவங்கள் உண்டு. முல்லைத்தீவுக் குற்றியைக்கூட “மாறி அடித்தது” என்று எங்கள் சனத்துக்கே விற்கிறார்கள். எந்த ஆண்டில் எந்த உலோகம், எந்த வடிவம் என்று தமிழில் ஒரு தாள் அச்சிட்டு வங்கிக் கிளைகளில் ஒட்ட எத்தனை நாள் பிடிக்கும்? அதைச் செய்யாதவரை தரகர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

குற்றிகளைப் புளி போட்டு விளக்காதீர்கள். இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.