பாங்காக்கில் சாப்பாட்டுச் செலவு: தாய் உணவா, மேல்நாட்டு உணவா?

தாய்லாந்துக்கு வேலை மாறி வந்தவர்களும் வரப்போகிறவர்களும் இந்த மாதம் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியவைதான். அவற்றில் ஆறு இங்கே.

கேள்வி: கம்பெனி மாற்றலில் பாங்காக் வருகிறேன். சாப்பாட்டுப் படி மாதம் 15,000 பாத். அங்கே ஏற்கெனவே இருக்கும் ஜெர்மன் நண்பர் “பத்தாது” என்கிறார். ஆபீஸில் உள்ள தாய்லாந்துக்காரர்கள் “தாராளம்” என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவரவர் தட்டில் இருப்பதை வைத்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். 15,000 என்றால் ஒரு நாளுக்கு 500 பாத்.

முதலில் தாய்லாந்துக்காரர் பக்கம். ஆபீஸ் இருக்கும் எந்தத் தெருவிலும் ‘காவ் கேங்’ கடை ஒன்று இருக்கும். சோறும் குழம்பும் என்றுதான் அதற்குப் பொருள். கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து தட்டுகளில் பச்சைக் குழம்பு, முட்டைப் பொரியல், கோழி வறுவல், காரமான கீரை எல்லாம் சமைத்து வைத்திருப்பார்கள். மொழி தெரிய வேண்டாம், விரலால் காட்டினால் போதும். சோற்றின் மேல் ஒரு வகை வைத்தால் 40 முதல் 50 பாத், இரண்டு வகை என்றால் 50 முதல் 60. பொரித்த முட்டை ஒன்று மேலே வேண்டுமென்றால் இன்னும் 10 பாத். காலையில் சமைத்தது மதியம் வரை இருக்கும் கடை இது. அதனால் பதினொன்றரைக்குள் போய்விடுங்கள். பன்னிரண்டுக்கு ஆபீஸ் கூட்டம் இறங்கிவிடும், ஒன்றரைக்கு மேல் மிச்சம்தான் கிடைக்கும். காலையில் அரிசிக் கஞ்சி, இரவில் ஒரு நூடுல்ஸ், நடுவில் பழமும் காபியும் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 250 பாத்துக்குள் முடிந்துவிடும்.

இப்போது ஜெர்மன்காரர் பக்கம். சுகும்வித் பகுதியில் சுமாரான பர்கர் ஒன்று 250 முதல் 350 பாத், பீட்சா 300-க்கு மேல். அதோடு ஒரு காபி 100. மதியமும் இரவும் இப்படிச் சாப்பிட்டால் 500 பாத் காணவே காணாது.

பலரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் பணத்தை உண்மையில் தின்பது விலை உயர்ந்த மேல்நாட்டுச் சாப்பாடு இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சாப்பாடு. வந்த புதிதில் ஒரு மாலில் 190 பாத் கொடுத்து ஸ்பகெட்டி வாங்கினேன். தக்காளி சாஸை பாட்டிலிலிருந்து அப்படியே கொட்டிய மாதிரி ஒரே இனிப்பு. சாசேஜும் இனிப்பு. வயிறும் நிறையவில்லை, மனமும் நிறையவில்லை. அந்தக் காசில் மூன்று வேளை நல்ல தாய் சாப்பாடு சாப்பிட்டிருக்கலாம். இல்லையென்றால் இன்னும் 200 சேர்த்து, இத்தாலிக்காரர் தானே நின்று சமைக்கும் கடையில் உருப்படியாக ஒரு வேளை சாப்பிட்டிருக்கலாம். அதனால் வேலை நாட்களில் மதியம் தாய் சாப்பாடு, காலையில் வீட்டில், வாரத்துக்கு ஒரு முறை நல்ல மேல்நாட்டுச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தரத்தைத் தொடாதீர்கள். 15,000-இல் மிச்சமே பிடிக்கலாம்.

வந்த முதல் வாரம் தெருக்கடை பயமாக இருந்தால் மால்களின் உணவுக்கூடத்தில் தொடங்குங்கள். அசோக் ரயில் நிலையத்தை ஒட்டிய டெர்மினல் 21-இல் உள்ள பியர் 21, விலை குறைவுக்குப் பேர் போனது. முன்பணம் கட்டி ஒரு கார்டு வாங்கி, கடை கடையாகத் தேய்த்துச் சாப்பிட வேண்டும். மிச்சப் பணத்தை வெளியே வரும்போது மறக்காமல் திரும்ப வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மெனுவில் 280 பாத் என்று போட்டிருந்தது. பில் 330 வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: மெனுவை மறுபடி போய்ப் பாருங்கள். 280-க்குப் பக்கத்திலோ பக்கத்தின் அடியிலோ இரண்டு கூட்டல் குறி இருந்திருக்கும். முதல் கூட்டல் 10 சதவீத சேவைக் கட்டணம், இரண்டாவது 7 சதவீத மதிப்புக் கூட்டு வரி. 280-உடன் 28 சேர்த்தால் 308. வரி 280-க்கு இல்லை, அந்த 308-க்குப் போடுவார்கள். மொத்தம் 329 பாத் 56 சதாங். கணக்கு சரிதான்.

தெருக்கடையிலும் உணவுக்கூடத்திலும் இந்தக் கூட்டல் குறி கிடையாது. பெரும்பாலும் மேல்நாட்டு உணவகங்களிலும் ஹோட்டல்களிலும் வரும். அதனால் இரண்டையும் ஒப்பிடும்போது கூட்டல் குறி உள்ள விலையோடு ஏறக்குறைய 18 சதவீதத்தைச் சேர்த்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ‘நெட்’ என்று போட்டிருந்தால் அதுவே முடிந்த விலை. சேவைக் கட்டணம் கொடுத்தபின் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் விலையே போடாத மெனுவைக் கொடுத்தால், அல்லது போட்ட விலைக்கு மேல் வாங்கினால் அது வேறு விஷயம். விலையைத் தெரியும்படி காட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். காட்டாவிட்டால் 10,000 பாத் வரை அபராதம் உண்டு. உள்நாட்டு வணிகத் துறையின் 1569 எண்ணில் புகார் சொல்லலாம். ஆபீஸில் தாய்லாந்து மொழி தெரிந்த ஒருவரைப் பேசச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும். கடல் உணவை எடை போட்டு விற்கும் சுற்றுலாத் தலங்களில், சமைக்கக் கொடுக்கும் முன் எடையையும் மொத்த விலையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்கு ரொட்டி, வெண்ணெய், சீஸ், ஓட்ஸ் இல்லாமல் காலை ஓடாது. சூப்பர் மார்க்கெட் பில்லைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. என்ன செய்வது?

பதில்: மேல்நாட்டுச் சாப்பாடு எல்லாமே கப்பலில் வருகிறது என்ற நினைப்பை முதலில் விடுங்கள். பாதிப் பொருள் தாய்லாந்திலேயே விளைகிறது.

பாலை எடுத்துக்கொள்ளுங்கள். சராபுரி மாகாணத்தில் முவாக் லெக் என்ற ஊரில் டென்மார்க் உதவியோடு 1962-இல் ஒரு பால் பண்ணை தொடங்கினார்கள். சிவப்பு மாடு படம் போட்ட அந்தப் பால் இன்றும் மூலைக்கடை வரை கிடைக்கிறது. சாலட் கீரை, ஸ்ட்ராபெரி, அவகாடோ எல்லாம் வடக்கே மலையில் விளைபவை. அபினி பயிரிட்ட மலைவாழ் மக்களுக்கு வேறு பிழைப்பு வேண்டும் என்று மன்னர் பூமிபோல் 1969-இல் தொடங்கிய அரச திட்டத்தின் பலன் அது. பாங்காக்கில் சத்துசக் பக்கம் உள்ள ‘ஓர் தோர் கோர்’ சந்தையை ஒட்டி அந்தத் திட்டத்தின் கடை இருக்கிறது. ஒரு முறை போய்ப் பாருங்கள். காபியும் அதே வடக்கு மலைகளில் விளைகிறது, அருமையான காபி. வெளிநாட்டு பிராண்ட் பொட்டலத்துக்குக் காசை இறைக்க வேண்டியதில்லை.

உண்மையில் விலை கூடுவது சீஸ், வெண்ணெய், ஓட்ஸ், நல்ல மாவில் செய்த ரொட்டி. இதில் ஐரோப்பிய சீஸுக்கும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து சீஸுக்கும் விலையில் பெரிய இடைவெளி இருக்கும். அந்த இரண்டு நாடுகளோடும் தாய்லாந்து செய்த வரிக்குறைப்பு ஒப்பந்தங்கள் 2005 முதல் நடைமுறையில் இருக்கின்றன. குழந்தையின் டோஸ்ட்டுக்கு நியூசிலாந்து செடார் போதும். பிரெஞ்சு சீஸை விருந்தாளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில்லறையாக வாங்காமல் மாக்ரோ மாதிரி மொத்தக் கடையில் கிலோக் கட்டியாக வாங்கி, துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்தால் செலவு கணிசமாகக் குறையும். வில்லா மார்க்கெட்டும் ஃபுட்லேண்டும் வெளிநாட்டுக்காரர்களின் பழைய கடைகள். அங்கே எல்லாம் கிடைக்கும். ஆனால் எல்லாவற்றையும் அங்கேயே வாங்குகிறவர்களுக்குத்தான் பில்லைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. முட்டை, கோழி, பழம், காய்கறியைச் சந்தையில் வாங்குங்கள்.

இறக்குமதிப் பொட்டலத்தில் தாய்லாந்து மொழியில் ஒட்டிய சீட்டு இருக்கிறதா, அதில் ‘ஓர் யோர்’ முத்திரையும் 13 இலக்க எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகத்தின் பதிவு எண் அது. தள்ளுபடி விலையில் வரும் பெட்டிகளில் தேதியையும் பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொரு விஷயம். மேல்நாட்டுக்காரரைத் தாய்லாந்து மொழியில் ‘ஃபரங்’ என்பார்கள். நம் ‘பறங்கி’யும் அதுவும் ஒரே வேர். அவர்களுக்குக் கொய்யாப்பழத்தின் பெயரும் ‘ஃபரங்’தான், உருளைக்கிழங்கு ‘மன் ஃபரங்’. நாம் பூசணி வகை ஒன்றைப் பறங்கிக்காய் என்று சொல்வதுபோலத்தான். வெளியிலிருந்து வந்ததைப் பெயரோடு சேர்த்துத் தன் சொந்தப் பொருளாக்கிக்கொண்ட ஊர் அது. சந்தைக்குப் போகும்போது இது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

கேள்வி: நான் சைவம். முட்டைகூடக் கிடையாது. தாய் சாப்பாடு எனக்கு ஒத்து வருமா, இல்லை பீட்சா, பாஸ்தா என்றே ஓட்டிவிடலாமா?

பதில்: ஓட்டிவிடலாம், ஆனால் அலுத்துப்போகும், செலவும் கூடும். தாய் சமையலில் உங்களுக்குப் பிரச்சினை கண்ணுக்குத் தெரிகிற கறித்துண்டு இல்லை. ‘நாம் ப்ளா’ என்கிற மீன் சாறு, சிப்பி சாஸ், ‘கப்பி’ என்கிற இறால் விழுது. நமக்கு உப்பு மாதிரி அவர்களுக்கு இவை. “காய்கறி மட்டும்” என்று சொன்னால் காய்கறியைத்தான் தருவார்கள், மீன் சாற்றோடு.

அதற்குச் சரியான சொல் ‘ஜே’. சீன வழியில் வந்த சைவம் அது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் 17 என்று எழுதியது மாதிரித் தெரியும். மீன் சாறு, முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டும் கிடையாது. நம் வீட்டு விரதச் சமையல் கட்டுப்பாட்டுக்கு மிகவும் பக்கம். சைவத்துக்கு ‘மங்ஸவிரத்’ என்று இன்னொரு சொல் உண்டு. மாமிசம் என்ற சொல் அதற்குள் இருப்பது காதில் விழும். அங்கே முட்டையும் பாலும் இருக்கலாம், ஆகவே உங்களுக்கு ஜே-தான் பத்திரம். செப்டம்பர் அல்லது அக்டோபரில் ஒன்பது நாள் ஜே விழா வரும்போது நகரமே மஞ்சள் கொடியாக இருக்கும், செவன் இலெவனிலும் ஜே பொட்டலம் கிடைக்கும். அந்தச் சமயத்தில் சாப்பிட்டுப் பார்த்து உங்கள் கடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்ற கடையில் “மை ஸை நாம் ப்ளா” என்றால் மீன் சாறு போடாதே என்று பொருள். ஆனால் குழம்பு விழுதிலேயே இறால் அரைத்துச் சேர்ந்திருக்கும், அதைச் சொல்லி எடுக்க முடியாது. அதனால் உடனே வாணலியில் வதக்கித் தருபவற்றை மட்டும் கேளுங்கள். மேல்நாட்டுக் கடையிலும் சூப்பைக் கேட்காமல் வாங்காதீர்கள், பெரும்பாலும் கோழிச் சாற்றில்தான் செய்வார்கள். துவரம்பருப்பும் உளுந்தும் வேண்டுமென்றால் பாஹுரத் பகுதியில் கிடைக்கும்.

கேள்வி: என் கணவர் மூன்று வேளையும் தாய் சாப்பாடுதான். “விலையும் குறைவு, உடம்புக்கும் நல்லது” என்கிறார். இப்போது டாக்டர் சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்கிறார். மேல்நாட்டு சாலட், சாண்ட்விச்சுக்கு மாற்றிவிடவா?

பதில்: மாற்ற வேண்டாம், அம்மா. சொல்லி வாங்கப் பழகச் சொல்லுங்கள். நூடுல்ஸ் கடை மேஜையில் நாலு கிண்ணம் வைத்த ஒரு தாங்கி இருக்கும். ஒன்றில் மிளகாய்த்தூள், ஒன்றில் வினிகரில் ஊறிய மிளகாய், ஒன்றில் மீன் சாறு, நாலாவதில் வெள்ளைச் சர்க்கரை. சூப்பில் சர்க்கரையைக் கரண்டியால் போட்டுக் கலக்கும் ஊர் அது. பப்பாளி சாலடான சோம் தம்மில் பனை வெல்லம், பட் தாய் நூடுல்ஸில் சர்க்கரை, ஆரஞ்சு நிறத் தேநீரில் சர்க்கரையும் கெட்டிப் பாலும் இருக்கும். சர்க்கரை அதிகமுள்ள பாட்டில் பானங்களுக்கு 2017 முதல் தனி வரி உண்டு. தெருவில் கலக்கித் தரும் தேநீருக்கு அந்த வரி கிடையாது, அளவும் கிடையாது.

“மை ஸை நாம் தான்” என்றால் சர்க்கரை போடாதே. “வான் நோய்” என்றால் இனிப்பு கொஞ்சமாக. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்யட்டும். தேநீரை நிறுத்தினாலே பாதிச் சர்க்கரை போய்விடும். சாண்ட்விச்சுக்கு மாறினால், அங்கே விற்கும் சாதாரண ரொட்டியும் மயோனேஸும்கூட இனிப்புதான். காசு போகும், சர்க்கரை குறையாது. டாக்டர் கொடுத்த மறுபரிசோதனைத் தேதியைத் தவற விடாதீர்கள்.

கேள்வி: வெயிலில் வெளியே போகச் சோம்பலாக இருக்கிறது. செயலியில் வரவழைப்பது நஷ்டமா?

பதில்: கிராப், லைன் மேன் எதுவானாலும் கடையில் 60 பாத் உள்ள சாப்பாடு செயலியில் 75, 80 என்று இருக்கும். கடைக்காரரிடம் 30 சதவீதம் வரை கமிஷன் பிடிப்பதால் அவர் விலையை ஏற்றித்தான் போடுகிறார். அதற்கு மேல் டெலிவரி கட்டணம். 400 பாத் பீட்சாவுக்கு அது பெரிதாகத் தெரியாது, 60 பாத் சோற்றுக்குத் தெரியும். மழை நாளில் பீட்சா வரவழையுங்கள், அது தாங்கும். தாய் சாப்பாட்டுக்கு மட்டும் இறங்கிப் போங்கள். காவ் கேங் கடையில் “ஸை துங்” என்று சொன்னால் குழம்பை பிளாஸ்டிக் பையில் ஊற்றி, காற்றுப் பிடித்து உப்பவைத்து, ரப்பர் பேண்டை ஒரு சுழற்றுச் சுழற்றிக் கட்டித் தருவார்கள். சோறு வீட்டில் வடித்துக்கொள்ளலாம். ஒரு பைக் குழம்பு இரண்டு பேருக்கு வரும்.