வேலையை விடாமல் கிளாட் எழுத முடியுமா? நீடாமங்கலத்திலிருந்து ஒரு பதில்

கேள்வி: "தஞ்சாவூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை வேலை. சட்டம் படிக்க ஆசை. நுழைவுத் தேர்வுக்காக வேலையை விட்டுவிடலாமா?"

விடாதீர்கள். நான் ஓர் அரிசி ஆலையில் பில் போட்டுக்கொண்டே இரண்டு முறை கிளாட் (CLAT, தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு) எழுதினேன். 2023 டிசம்பரில் கிடைக்கவில்லை. 2024 டிசம்பரில் எழுதியதில் திருச்சி தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது.

முதலில் எந்த வாசல் வழியாகப் போகப் போகிறீர்கள் என்று பாருங்கள். உங்களிடம் டிகிரி இருந்தால், நம் அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, டிகிரி மதிப்பெண்தான். இது தெரியாமல் ஒரு வருடத்தை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புதான் வேண்டும் என்றால் கிளாட். பிளஸ் டூவில் 45 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40) இருந்தால் போதும், வயது வரம்பு இல்லை. நான் சேரும்போது எனக்கு 23.

இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். ஒவ்வொரு தப்புக்கும் கால் மதிப்பெண் போய்விடும். கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான், அதற்குப் பயப்பட வேண்டாம். மற்றதெல்லாம் நீளநீளமான ஆங்கிலப் பத்திகளைப் படித்துப் பதில் சொல்வது. தமிழ் வழியில் படித்த எனக்குச் சட்டத்தைவிட இந்த வாசிப்பு வேகம்தான் பெரிய மலையாக இருந்தது.

அதை நான் ஏறியது ரயிலில். நீடாமங்கலத்தில் பாசஞ்சர் ஏறினால் கோவில்வெண்ணி, அம்மாப்பேட்டை, சாலியமங்கலம், அப்புறம் தஞ்சாவூர். கோவில்வெண்ணியில் வண்டி கிளம்பும்போது ஒரு பத்தியை எடுப்பேன். தொடக்கத்தில் சாலியமங்கலம் தாண்டியும் அதன் ஐந்து கேள்விகள் முடியாது. ஏழு மாதம் கழித்து ஒருநாள், அம்மாப்பேட்டை பிளாட்பாரம் கண்ணில் படுவதற்குள் ஐந்தையும் முடித்துப் பேனாவை மூடிவிட்டேன். அன்று ஆலைக்கு நடந்தே போனேன், அவ்வளவு சந்தோஷம். வீட்டில் எத்தனை மணி நேரம் படிக்கிறோம் என்பதைவிட, ஒருநாளும் தவறாத அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் நான் நம்புகிறேன்.

முதல் தடவை ஏன் போச்சு? குறுவை அறுவடை. செப்டம்பர், அக்டோபரில் ஆலை வாசலில் ஈர நெல் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். எடைச் சீட்டு, ஈரப்பதம், பில் என்று இரவு பத்தரை ஆகிவிடும். ஐந்து வாரம் புத்தகத்தையே தொடவில்லை. பிறகு விட்டதைப் பிடிக்கிறேன் என்று தூக்கத்தைக் குறைத்தேன். தேர்வறையில் கண் எரிந்தது, ஒரே வரியை மூன்று தடவை படித்தேன்.

அடுத்த வருடம் ஜூன் மாதமே முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். "தீபாவளி வரைக்கும் ஒருநாள்கூட லீவு கேட்க மாட்டேன். நவம்பர் 15 முதல் தேர்வு வரைக்கும் சம்பளமில்லாமல் விடுங்க." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, உன் இடத்துல உட்கார ஒரு ஆளைப் பழக்கி விட்டுட்டுப் போ" என்றார். அந்தப் பதினாறு நாள்தான் முழு நேரப் படிப்பு. குறுவை மாதங்களில் ரயில் வாசிப்பு மட்டும், வேறு எதையும் என்மேல் ஏற்றிக்கொள்ளவில்லை. உங்கள் கடையில் எந்த மாதம் நெருக்கடியோ, அதை முதலில் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

நடப்பு நிகழ்வுகளுக்கு ஊர்ப் பேச்சையே பிடித்துக்கொள்ளலாம். மேட்டூர் திறப்பு, காவிரி ஆணையம் எல்லாம் நம் டீக்கடையில் தினமும் அடிபடும் சங்கதி. 2007இல் நடுவர் மன்றம் கர்நாடகம் விட வேண்டும் என்று சொன்னது 192 டிஎம்சி. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. நதி எந்த ஒரு மாநிலத்துக்கும் தனிச்சொத்து இல்லை என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளைப் படித்துத்தான் சட்டப் பத்தி எப்படி நகரும் என்று எனக்குப் பிடிபட்டது. தெரிந்த விஷயமாக இருந்தால் ஆங்கிலம் பாதி வழிவிடும்.

வேலையை விட வேண்டாம் என்பதற்குப் பணமும் காரணம். விண்ணப்பமே 4,000 ரூபாய். கவுன்சலிங்குக்கு முன்பணம், அப்புறம் கல்லூரிக் கட்டணம், விடுதி. இடம் கிடைத்த பிறகு வேலை பார்க்க முடியாது, வகுப்பு முழு நேரம். ஆலைச் சம்பளத்தில் மாதாமாதம் சீட்டுக் கட்டி வைத்திருந்ததால்தான் அந்த முதல் தவணையை யாரிடமும் கை நீட்டாமல் கட்டினேன். மீதிக்குக் கல்விக் கடன்.

பழைய வினாத்தாள்கள் தேர்வு நடத்தும் கூட்டமைப்பின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுக்கச் செலவாகும் என்றால் சொல்லுங்கள், என்னுடைய கட்டு அப்படியே இருக்கிறது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது தஞ்சாவூர் ஸ்டேஷனிலேயே கொடுத்துவிடுகிறேன்.