வேண்டுதலும் தார்ப்பாயும்

கேள்வி: வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று நிலச்சரிவு ஏற்பட்டபோது, எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் கூடிக் கொப்புடையம்மன் கோயிலில் விளக்கேற்றி வழிபட்டோம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், “இதனால் மண்ணுக்குள் சிக்கியவர்களுக்கு என்ன பயன், ஆத்தா?” என்று கேட்டான். அது இன்றும் மனத்தை உறுத்துகிறது. நாங்கள் செய்தது வீண்தானா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆச்சி. ஆனால் உங்கள் மகன் கேட்டதும் நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் இதய பைபாஸ் சிகிச்சை பெற்ற 1,802 பேரிடம் நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2006-இல் வெளியானது. தமக்காக யாரேனும் பிரார்த்திக்கிறார்களா என்று உறுதியாகத் தெரியாதிருந்த நோயாளிகளில், பிரார்த்திக்கப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே உடல் தேறியதில் வேறுபாடு தென்படவில்லை.

துன்பப்படுகிறவர் அதை எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்பது வேறு விஷயம். 2018-இல் கஜா புயல் அடித்து ஓய்ந்த மூன்றாம் நாள், ஆலங்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு நிவாரணப் பொருட்களுடன் நாங்கள் சென்றிருந்தோம். வேரோடு சாய்ந்து கிடந்த தென்னைகளின் நடுவே நின்றிருந்த பெரியவர் ஒருவரிடம், குன்றக்குடியில் அந்த ஊரார் நலனுக்காக அர்ச்சனை செய்துவிட்டு வந்திருப்பதாகச் சொல்லித் திருநீற்றைக் கொடுத்தேன். நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, மீதியைக் காகிதத்தோடு மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட பிறகு, “தார்ப்பாய் எத்தனை கொண்டாந்தீக?” என்று கேட்டார். இரண்டுமே அவருக்குத் தேவையாக இருந்தன. திருநீற்றை மட்டும் கொண்டுபோயிருந்தால் அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்த்திருக்க முடியாது.

எல்லோரும் அவரைப் போல ஏற்றுக்கொள்வார்கள் என்றும் நினைக்க வேண்டாம். அதே ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினாவைப் புயல் தாக்கியபின் அங்கே நடந்த ஆய்வில், கிறிஸ்தவர்கள் முகமறியாத ஒருவரின் பிரார்த்தனைக்காகத் தமக்கு வரும் பணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க முன்வந்தார்கள். இறைநம்பிக்கை இல்லாதவர்களோ அந்தப் பிரார்த்தனையைத் தவிர்ப்பதற்கே பணத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது, அந்த ஆய்வாளர்களில் ஒருவர் பின்னர் கண்டறிந்ததுதான். புயலில் பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பிரார்த்தித்துவிட்டு நன்கொடை கொடுத்தவர்கள், பிரார்த்திக்காமல் கொடுத்தவர்களைவிடக் குறைவாகவே கொடுத்தார்களாம். கண்ணீர் மல்கக் கும்பிட்டு எழுந்ததும் நம் நெஞ்சின் பாரம் இறங்கிவிடுகிறது. ஆனால் அங்கே அவர்களுடைய பாரம் அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை விளக்கேற்றுவதற்கு முன்பே உண்டியலைச் சுற்றுக்கு விடுங்கள். பொருளாக அனுப்புவதென்றால், என்ன தேவை என்று அங்கே களத்தில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுனாமியின்போது நாகப்பட்டினத்தில் யாரும் எடுக்காத பழந்துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. சேர்ந்த பணத்தை அரசின் நிவாரண நிதியில் சேர்க்கும் பொறுப்பை உங்கள் மகனிடமே ஒப்படையுங்கள்.