கேளுங்க சொல்றேன்: ரெண்டு லட்ச ரூபாய் சர்வரும் என் ஹார்ட் டிஸ்க்கும்

கேள்வி (திருச்சி வாசகர்): வீட்ல நல்ல ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), ஸ்பீக்கர், டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான சிக்னலா மாத்துற DAC பெட்டி) இருக்கு, 600 சிடி இருக்கு. ரெண்டு லட்சத்துக்கு மியூசிக் சர்வர் வாங்கிட்டா சவுண்டே மாறிடும்ங்கிறாங்க. வாங்கலாமா?

பதில்: காசு இருந்தா வாங்குங்க சார், ஆனா சவுண்டுக்காக வாங்காதீங்க. சர்வர் வேலை பாட்டு ஃபைலை எடுத்து டாக்குக்கு அனுப்புறது, அவ்ளோதான். இப்ப வர்ற யூஎஸ்பி டாக் பெரும்பாலும் அசிங்க்ரனஸ், அதாவது டைமிங் பாக்குற கிளாக் டாக்குக்குள்ளயே இருக்கு, பந்தியில சாப்பிடுறவர் கேக்கக் கேக்க சாம்பார் ஊத்துற மாதிரி டாக் கேக்கக் கேக்க சர்வர் டேட்டா கொடுக்கும். அதனால ராஸ்பெரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல வால்யூமியோங்கிற பாட்டு சாஃப்ட்வேரைப் போட்டு ஒழுங்கா செட் பண்ணாலும் அதே பிட்டுதான் போகும். ரெண்டு லட்சத்துக்குக் கிடைக்கிறது ஃபேன் சத்தம் இல்லாத அழகான பெட்டி, நல்ல ஆப், ரிப்பேர்னா போன் பண்ண ஒரு ஆள். அது வேணும்னா தாராளமா வாங்குங்க.

உங்க உண்மையான வேலை அந்த 600 சிடிதான். ஃப்ளாக் ஃபைலா (தரம் குறையாம சுருக்குற வகை) ரிப் பண்ணுங்க, அதாவது சிடியில இருந்து கம்ப்யூட்டருக்கு எடுங்க, சிடியில இருக்கிறது ஒரு பிட்டு குறையாம வரும், ஒரு ஆல்பம் சுமாரா 300, 400 எம்பி, மொத்தமும் 250 ஜிபி பக்கத்துல அடங்கிடும். இங்கதான் நம்ம ஊர் தலைவலி ஒண்ணு. சினிமா ஆல்பத்துல ஒவ்வொரு பாட்டுக்கும் பாடகர் வேற, ஆர்டிஸ்ட் டேக்ல (ஃபைலுக்குள்ள பேர் விவரம் எழுதி வைக்கிற இடம்) எஸ்பிபி ஒரு பாட்டுக்கு, ஜானகி ஒரு பாட்டுக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து இன்னொண்ணுக்குன்னு இருந்தா பல ஆப்ல ஒரே படம் நாலஞ்சு துண்டா உடைஞ்சு நிக்கும். ஆல்பம் ஆர்டிஸ்ட்னு தனியா ஒரு டேக் இருக்கு, அதுல எல்லா பாட்டுக்கும் இசையமைப்பாளர் பேரைப் போட்டா ஒண்ணா சேர்ந்துடும். இளையராஜா பேரை இங்கிலீஷ்ல ஒரே ஸ்பெல்லிங்ல அடிங்க, என் லைப்ரரியில அவர் மூணு ஆளா இருந்தாரு!

அப்புறம் இன்னொரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி வைங்க. எனக்கு ஒரு நாள் காலையில டிஸ்க் கடக் கடக்னு சத்தம் போட்டு செத்துப்போச்சு, மூணு வாரமா உக்காந்து டேக் அடிச்சது அத்தனையும் போச்சு.

கேள்வி (கோவை வாசகி): சிடியை விட தரம் கூடன்னு விக்கிற ஹைரெஸ் ஃபைலை 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ்ல கேட்டா வித்தியாசம் தெரியுமா?

பதில்: எனக்குத் தெரியலங்க. சிடி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 44,100 தடவை சத்தத்தை அளக்கும், அதுல பாதி, 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள சத்தம் பதிவாகும், மனுஷக் காது நல்லா இருந்தாலே 20தான், என் வயசுக்கு அது கூட கிடையாது. அதே பாட்டோட ஹைரெஸ் ஃபைல் காதுக்கு நல்லா இருந்தா பெரும்பாலும் மாஸ்டரிங் (வெளியிடுறதுக்கு முன்னாடி சவுண்டைச் சரிபண்ற கடைசி வேலை) வேறயா இருக்கும். காசு கொடுத்து நான் வாங்குன ஒரு 'ஹைரெஸ்' ஃபைலை ஸ்பெக்ட்ரம் (எந்த கிலோஹெர்ட்ஸ்ல எவ்ளோ சத்தம்னு காட்டுற படம்) போட்டுப் பாத்தா 16 கிலோஹெர்ட்ஸ்க்கு மேல கத்தியால வெட்டுன மாதிரி காலி, பழைய எம்பி3யைத்தான் ஊதிப் பெருசாக்கியிருக்காங்க. விக்கிறவர் கிட்ட கேட்டேன், பதிலே இல்ல.

கேள்வி (மதுரை வாசகர்): லேப்டாப்பை டாக்ல மாட்டினா ஸ்பீக்கர்ல ஊஊம்னு ஒரு ஹம். டாக் போச்சா?

பதில்: பாட்டு ஓடும்போதே லேப்டாப் சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. ஹம் நின்னா டாக் மேல தப்பில்ல, அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளோட எர்த் தொடர்பெல்லாம் ஒரு வளையமாகி அதுல தேவையில்லாத கரண்ட் ஓடுறது. எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டுங்க, அப்பவும் போகலன்னா ஆப்டிகல் அவுட் இருக்கிற ஒரு ஸ்ட்ரீமர் (நெட்வொர்க்ல இருந்து பாட்டை எடுத்து டாக்குக்கு அனுப்புற பெட்டி) வழியா கொடுங்க, ஆப்டிகல் கேபிள்ல போறது வெறும் வெளிச்சம், கரண்ட் தொடர்பே இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் ஆம்ப் ப்ளக்ல எர்த் பின்னை உடைச்சா சரியாகும்னு சொல்வாரு, ஹம் போகும்தான், ஆனா பெட்டியில ஷாக் அடிச்சா காப்பாத்த ஒண்ணும் இருக்காது, அந்தப் பின்னை மட்டும் தொடாதீங்க.